வோர்ம்ஸ் நகரின் நினைவுச் சின்னங்கள்

சீர்திருத்த ஞாயிறன்று நம் பிரசங்கபீடங்களில் தவறாது ஒலிக்கும் ஊர்ப்பெயர்கள் இரண்டு. ஒன்று விட்டன்பர்க், மற்றொன்று வோர்ம்ஸ். முன்னதை ஆலயக் கதவையும் சுத்தியலையும் கொண்டு நினைவிற் கொள்கிறோம்; பின்னதைத் துறவி ஒருவர் பேரரசர் முன் தனித்து நின்ற காட்சியைக் கொண்டு நினைவிற் கொள்கிறோம். ஆங்கில நூல்களில் இப்பெயரை முதன்முறை காணும் மாணவர் புழுக்களை எண்ணி நகைப்பது திருச்சபை வரலாற்று வகுப்புகளில் ஆண்டுதோறும் நிகழ்வது. இலத்தீன் ஏடுகளில் வொர்மாற்சியா என்றும், யூதர் வழக்கில் வர்மைசா என்றும் வழங்கிய பழம்பெயர் ஜெர்மானியர் நாவில் திரிந்து வோர்ம்ஸ் ஆயிற்று; புழுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

நகைப்பு ஒருபுறமிருக்க, 1521-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் மாலைப்பொழுதோடு இந்நகரத்தை நாம் முடித்துவிடுவது சரியன்று. அவ்வூரின் சின்னங்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோர், சீர்திருத்தச் சபையாராகிய நமக்குப் பெருமை தருவனவற்றையும், நாம் பேசாது கடந்துவிட விரும்புவனவற்றையும் சில நிமிட நடைதூரத்துக்குள் காண்பர். அவற்றைச் சேர்த்து அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நதியும் நகரும்

ஜெர்மனி நாட்டின் தென்மேற்கே, ரைன் நதியின் இடக்கரையில், மாயின்ஸ் நகருக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் வோர்ம்ஸ் அமைந்துள்ளது. கெல்டியர் குடியிருப்பாகத் தொடங்கி, உரோமரின் எல்லைப்புற நகராகி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்கண்டியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரோடு தொடர்புற்ற ஊர் இது. அவ்வினத்தாரின் வீழ்ச்சியைப் பற்றிய பழங்கதைகளே 1200-ஆம் ஆண்டையொட்டி நிபெலுங்கர் காவியமாக உருப்பெற்றன. நதிப்பாலத்தின் மேல் எழும் கோபுரமும், புதையலை ரைன் நதியில் எறியும் வீரனின் சிலையும், 2001-இல் திறக்கப்பட்ட ஓர் அருங்காட்சியகமும் அக்காவியத்தின் பெயரால் நிற்பவை. சுற்றுலாப் பயணிகள் அவற்றை விரும்பிக் காண்கின்றனர். நாம் அவற்றில் தங்க வேண்டியதில்லை.

நதி இந்நகருக்கு வணிகத்தையும் திராட்சைத் தோட்டங்களையும் தந்தது. வணிகம் யூதக் குடும்பங்களை ஈர்த்தது. அதே நதிப் பள்ளத்தாக்கே படைகள் வரும் பாதையாகவும் இருந்தது. 1689-இல் பதினான்காம் லூயி மன்னரின் பிரெஞ்சுப் படையினர் நகரை எரித்தனர். 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சு அதனை மீண்டும் தரைமட்டமாக்கிற்று. ஆகையால் இன்று காணும் பழைமையிற் பெரும்பகுதி இருமுறை எரிந்து எழுந்த பழைமையாகும்.

பேராலயம்

பழைய நகரின் உயர்ந்த மேட்டில் நிற்பது பரிசுத்த பேதுருவின் பேராலயம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சபைச் சட்டத் தொகுப்பினால் புகழ்பெற்ற புர்க்கார்டு என்னும் பேராயர் இவ்விடத்தில் ஓர் ஆலயம் எழுப்பினார். இப்போதுள்ள கட்டடம் பெரும்பாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. 1181-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கிழக்கிலும் மேற்கிலும் பாடகர் மேடைகள், நான்கு வட்டக் கோபுரங்கள், இரு குவிமாடங்கள் என எல்லாம் மணற்கல்லில் அளவொத்து எழுந்துள்ளன. கோதிக் ஆலயங்கள் வானை நோக்கி விரைவன. இதுவோ தரையில் ஊன்றி அமர்ந்திருப்பது. உள்ளே, பதினெட்டாம் நூற்றாண்டில் பல்தாசர் நொய்மான் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பொன்மயமான உயர்பீடம் அந்த எளிய கற்சுவர்களோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஆயினும் அதனைப் போற்றுவோர் பலர்.

பேராயர்களை நியமிக்கும் உரிமை குறித்துப் போப்புக்கும் பேரரசருக்கும் நெடுநாள் நடந்த பூசலுக்கு 1122-இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை முடிவு கட்டியதை மாணவர் அறிவர். திருச்சபை அதிகாரமும் அரசதிகாரமும் தம் எல்லைகளைப் பேசித் தீர்த்த அதே ஊரில், நானூறு ஆண்டுகளுக்குப்பின் அவ்விரு அதிகாரங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு துறவியை விசாரித்தன.

பேராயர் மாளிகை நின்ற இடம்

லுத்தர் நின்ற மண்டபத்தைக் காண விரும்பிச் செல்வோர் ஏமாற்றமடைவர். பேராலயத்தை அடுத்து வடபுறத்தில் இருந்த பேராயர் மாளிகையில்தான் அரசப் பேரவை கூடிற்று. அம்மாளிகை 1689-இல் எரிந்தது. பின்னர் எழுந்த மாளிகையும் பிரெஞ்சுப் புரட்சிப் போர்க்காலத்தில் அழிந்தது. இன்று அங்கே இருப்பது ஹைல்ஸ்ஹோஃப் என்னும் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலதிபர் குடும்பம் ஒன்று கட்டிய இல்லமும், புல்வெளியும், மரங்களும் உள்ளன. 2017-இல் வெண்கலத்தாலான பெரிய காலணிகள் இரண்டை அங்கே தரையில் பதித்துள்ளனர். வருவோர் தம் கால்களை அவற்றினுள் வைத்து நின்று பார்க்கலாம். சிறுவரும் அவ்வாறே செய்கின்றனர்; பேராயர்களும் அவ்வாறே செய்கின்றனர்.

நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவையே. 1521 ஏப்ரல் 16-இல் லுத்தர் நகரினுள் வந்தார். மறுநாள் தம் நூல்களை மறுதலிப்பாரோ என வினவப்பட்டபோது சிந்திக்க அவகாசம் கேட்டார். 18-ஆம் நாள் மாலையில், திருமறையின் சாட்சியினாலேனும் தெளிவான நியாயத்தினாலேனும் தம்மை மெய்ப்பித்தாலன்றி மறுதலிக்க இயலாது எனவும், தம் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டது எனவும் அறிக்கையிட்டார். தாம் நின்ற இடத்தினின்று அசைய இயலாது என்னும் பொருள்பட நாம் பிரசங்கங்களில் முழங்கும் அந்த இறுதிச் சொற்கள், அவையில் எழுதப்பட்ட குறிப்புகளில் காணப்படவில்லை. பின்னர் அச்சான பதிப்பிலேயே காணப்படுகின்றன. அச்சொற்கள் இல்லாமலே அவருடைய மறுமொழி போதிய வலிமையுடையது. மே மாத இறுதியில் ஐந்தாம் சார்ல்ஸ் கையொப்பமிட்ட வோர்ம்ஸ் ஆணை அவரைச் சட்டப் பாதுகாப்பற்றவர் என அறிவித்து, அவருடைய நூல்களையும் தடை செய்தது.

இதுவரை நாம் சொல்லி வருவது. நம்மிற் பலர் சொல்லாதது, இதே பேராயர் இல்லத்தைச் சார்ந்த மற்றொரு நிகழ்ச்சி. 1096-ஆம் ஆண்டு மே மாதம், எருசலேமை மீட்கப் புறப்பட்ட முதலாம் சிலுவைப்போரின் ஒரு கூட்டத்தார், ஃப்ளோன்ஹைம் பிரபுவாகிய எமிக்கோவின் தலைமையில் ரைன் நதிக்கரை நகரங்களுக்கு வந்தனர். கிறிஸ்துவின் பகைவரைத் தேடித் தொலைதூரம் செல்வானேன், இங்கேயே இருக்கின்றனரே என்பது அவர்கள் வாதம். வோர்ம்ஸ் யூதருள் ஒரு பகுதியினர் தம் வீடுகளில் தங்கினர். மறுபகுதியினர் பேராயரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தனர். வீடுகளில் இருந்தோர் முதலிற் கொல்லப்பட்டனர். ஒரு வாரத்துக்குப்பின், மே 25-ஆம் நாள், அடைக்கலம் புகுந்தோரும் அங்கேயே தாக்கப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்று உயிர் பிழைக்க வாய்ப்பளிக்கப்பட்டபோது பலர் மறுத்தனர். பெற்றோர் தம் பிள்ளைகளையும் தங்களையும் தம் கையாலேயே மாய்த்துக்கொண்டனர். எபிரெய மொழி வரலாற்றுக் குறிப்புகள் மாண்டோர் தொகையைச் சுமார் 800 என்கின்றன.

நானூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் அம்மாளிகையின் சுவர்கள் மாறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனச்சாட்சியை வற்புறுத்தலாகாது என்னும் கொள்கைக்கு ஒரு துறவி 1521-இல் அளித்த சாட்சியைப் போற்றும் நாம், அதே மனச்சாட்சிக்காகப் பேராயரின் கூரையின் கீழ் உயிரைக் கொடுத்தவர்களை அறியாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்? லுத்தருக்குப் பாதுகாப்புச் சீட்டு இருந்தது; அது மதிக்கப்பட்டது. அவர்களுக்குப் பேராயரின் வாக்குறுதி இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை.

லுத்தர் நினைவுச் சின்னம்

பேராலயத்திலிருந்து சிறிது தொலைவில், பூங்காவொன்றில், சீர்திருத்தத்தின் நினைவுச் சின்னங்களுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று உள்ளது. எர்ன்ஸ்ட் ரீட்ஷல் என்னும் சிற்பி தொடங்கி, 1861-இல் அவர் மறைந்தபின் அவருடைய மாணாக்கர் முடித்த இது 1868-இல் திறக்கப்பட்டது. நடுவில் லுத்தர் நிற்கிறார். அவர் காலடியில் அமர்ந்திருப்போர் நால்வர்: பேதுரு வால்டோ, ஜான் விக்ளிப், ஜான் ஹஸ், சவனரோலா. லுத்தர் தனித்து வானினின்று இறங்கியவரல்லர், பலர் தோள்மேல் நின்றவர் என்பதை இவ்வமைப்பு வகுப்பறை விரிவுரையினும் தெளிவாக உணர்த்துகிறது. வெளிவட்டத்தில் சக்சனியின் பிரடெரிக், ஹெஸ்ஸயின் பிலிப்பு ஆகிய அரசர் இருவரும், மெலாங்க்தன், ரொய்க்லின் ஆகிய அறிஞர் இருவரும் நிற்கின்றனர். இடையே பெண்ணுருவில் மூன்று நகரங்கள்: எதிர்க்கும் ஸ்பையர், சமாதானம் கூறும் அவுக்ஸ்பர்க், துக்கிக்கும் மக்தபுர்க்.

இவ்வுருவங்களுள் ரொய்க்லினிடம் சற்று நிற்க வேண்டும். இவர் சீர்திருத்த இயக்கத்திற் சேர்ந்தவரல்லர். கத்தோலிக்கராகவே 1522-இல் மரித்தார். எபிரெய மொழி இலக்கணத்தைக் கிறிஸ்தவ அறிஞருக்கு எட்டச் செய்தவர் என்பதால் இங்கே இடம் பெற்றார். யூதருடைய நூல்களையெல்லாம் பறித்து எரிக்க வேண்டும் என்று முயற்சி எழுந்தபோது, 1510-இல் பேரரசருக்குக் கருத்துரை எழுதி அதனை எதிர்த்தவரும் இவரே. அதன் பொருட்டுப் பல ஆண்டுகள் வழக்குகளில் அலைக்கழிக்கப்பட்டார். இவருக்கு முன்னே உயர்ந்து நிற்கும் லுத்தரோ, யூதர் பால் கனிவுடன் 1523-இல் ஒரு நூல் எழுதியிருந்தும், 1543-இல் எழுதிய நூலில் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும், ஜெபப் புத்தகங்களைப் பறிக்கவும் அரசருக்கு அறிவுரை கூறினார். இவ்விருவரையும் ஒரே பீடத்தில் அமைத்தவர்கள் இம்முரணை எண்ணியிருக்கமாட்டார்கள். பார்ப்போர் எண்ணலாம்.

லுத்தரை மதித்தும் அவருடைய இந்நூலைத் தள்ளியும் பேசுவது கடினம் என்று போதகர் சிலர் கருதுகின்றனர். லுத்தரன் சபைகளே அதனைச் செய்துள்ளன. ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபைப் பேரவையும் 2015-இல் வெளிப்படையாக அதனைச் செய்தது. அவர்கள் கூறியதை நம் மொழியில் நாம் கூறத் தயங்குவதற்குக் காரணம் எதனையும் நான் காணவில்லை.

கட்டடம் எஞ்சாத பிறிதொரு சின்னத்தையும் இங்கே குறிப்பிடலாம். வில்லியம் டிண்டேல் கிரேக்கத்தினின்று ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது 1526-இல் இந்நகரில்தான். அச்சிட்டவர், குட்டன்பர்க்கின் கூட்டாளியான ஷோஃபரின் மகன் இளைய பேதுரு ஷோஃபர். லுத்தரின் நூல்களைத் தடை செய்த ஆணை பிறப்பிக்கப்பட்ட அதே ஊரில், ஐந்து ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது. அப்பதிப்பின் பிரதிகள் மூன்று மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1996-இல்தான் ஸ்டுட்கார்ட் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஆண்டு, 1527-இல், ஹான்ஸ் டெங்க், லுட்விக் ஹேட்சர் என்னும் இருவர் எபிரெயத்தினின்று ஜெர்மன் மொழியில் பெயர்த்த தீர்க்கதரிசன நூல்களும் அதே அச்சகத்தில் வெளிவந்தன. லுத்தர் தம் தீர்க்கதரிசன மொழிபெயர்ப்பை முடிப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தியது இது.

யூதர் தெரு

நகரின் வடகோடியில், பழைய மதிலையொட்டி வளைந்து செல்லும் குறுகிய தெருவொன்றில் வோர்ம்ஸின் ஜெப ஆலயம் உள்ளது. முதல் ஆலயம் 1034-இல் கட்டப்பட்டது. கொடையளித்த கணவன் மனைவியரின் பெயர் தாங்கிய கல்வெட்டு இன்றும் உள்ளது. 1170-களில் எழுந்த இரண்டாம் கட்டடமும், 1185-86-இல் நிலத்தினுள் ஆழமாகத் தோண்டிக் கட்டிய சுத்திகரிப்புக் குளமும், 1212-13-இல் சேர்த்த பெண்களின் ஜெப அறையும் அடுத்தடுத்து அமைந்தவை. 1060-களில் பிரான்சு நாட்டு த்ருவா ஊரினின்று வந்து இந்நகரின் ரபீக்களிடம் பயின்ற இளைஞரே, பின்னாளில் ராஷி என்று உலகறிந்த வேத விளக்கவுரையாளர். அவர் பெயரால் ஒரு சிற்றறையும், 1982-இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்றும் இங்கு உள்ளன.

ராஷியை நம் மாணவர் அறிய வேண்டியதற்குத் தனிக் காரணமுண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கத் துறவி லீராவின் நிக்கொலாஸ், பழைய ஏற்பாட்டின் நேர்ப்பொருளை விளக்குகையில் ராஷியையே பெரிதும் சார்ந்தார். நிக்கொலாஸின் உரையை லுத்தர் தம் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தினார். ஆகவே ஆதியாகமத்தில் நேர்ப்பொருளைத் தேடிய விட்டன்பர்க் பேராசிரியரின் கைகளில், வோர்ம்ஸ் யூதர் தெருவில் பயின்ற மாணவரின் படிப்பும் சேர்ந்திருந்தது. 1521-இல் இத்தெருவுக்குச் சில நூறு கஜ தூரத்தில் அவர் தங்கியிருந்தார்.

1938 நவம்பர் 10-ஆம் நாள் இவ்வாலயம் எரிக்கப்பட்டது. அந்நாள் லுத்தரின் பிறந்தநாள். இப்பொருத்தத்தை நான் கற்பிக்கவில்லை. துரிங்கியாவின் பேராயராயிருந்த மார்ட்டின் சாஸே என்பவர் அம்மாதமே வெளியிட்ட சிறுநூலில், லுத்தரின் பிறந்தநாளில் ஜெப ஆலயங்கள் எரிகின்றன என்று மகிழ்ந்து எழுதி, 1543-ஆம் ஆண்டு நூலினின்று பகுதிகளைத் தொகுத்தும் கொடுத்தார். 1933-இல் வோர்ம்ஸில் சுமார் 1,100 யூதர் இருந்தனர். பலர் நாடு நீங்கினர். எஞ்சியோர் 1942-இல் கொண்டு செல்லப்பட்டனர். போருக்குப்பின், ஜெபிக்கச் சபையில்லாத ஊரில், பழைய கற்களையே இயன்றவரை சேர்த்து ஆலயத்தைத் திரும்பக் கட்டி 1961 டிசம்பரில் திறந்தனர்.

புனித மணல்

பழைய மதிலுக்கு வெளியே, தென்மேற்கில், 'புனித மணல்' எனப்படும் யூதர் கல்லறைத் தோட்டம் உள்ளது. இருந்த இடத்திலேயே நிலைத்துள்ள யூதர் கல்லறைகளில் ஐரோப்பாவில் மிகப் பழையது இதுவே. பதினோராம் நூற்றாண்டினின்று இருபதாம் நூற்றாண்டு வரை நாட்டப்பட்ட ஏறத்தாழ 2,000 கற்கள் புல்லின் நடுவே சாய்ந்தும் அமிழ்ந்தும் நிற்கின்றன. ஸ்பையர், மாயின்ஸ் நகரங்களின் யூதச் சின்னங்களோடு இதனையும் யூதர் தெருவையும் யுனெஸ்கோ நிறுவனம் 2021-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

வாயிலுக்கு அருகில் இரட்டைக் கற்கள் இரண்டின்மேல் கூழாங்கற்களும் மடித்த காகிதங்களும் குவிந்திருக்கும். ஒன்று ரோத்தன்பர்க் ஊரின் ரபீ மெயீருடையது. அவர் 1286-இல் அரசரால் சிறைப்பட்டு 1293-இல் சிறையிலேயே மரித்தார். பெருந்தொகை கிடைக்குமளவும் உடலையும் விடுவிக்க மறுத்தனர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1307-இல், அலெக்சாந்தர் பென் சாலமோன் என்னும் வணிகர் அத்தொகையைச் செலுத்தி உடலை மீட்டார். அவர் கேட்டது ஆசானின் அருகே தமக்கு ஓர் இடம். அவருடையதே மற்றைய கல்.

இத்தோட்டத்தின் ஓரிடத்தினின்று நோக்கினால், சாய்ந்த கற்களுக்கு மேலே பேராலயக் கோபுரங்கள் தோன்றும். அக்காட்சிக்கு இன்று மார்ட்டின் பூபர் பெயரை இட்டுள்ளனர். 1933 ஜனவரி 14-இல், ஹிட்லர் பதவியேற்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஸ்டுட்கார்ட் நகரில் புதிய ஏற்பாட்டு அறிஞர் கார்ல் லுட்விக் ஷ்மிட் அவர்களோடு பூபர் உரையாடினார். தாம் வோர்ம்ஸுக்கு அண்மையில் வாழ்வதாகவும், அங்கு செல்லும்போதெல்லாம் முதலிற் பேராலயத்தைச் சுற்றி வந்து அதன் குறையற்ற ஒத்திசைவில் மகிழ்வதாகவும், பின்னர் கல்லறைக்குச் சென்று உடைந்தும் கோணியும் கிடக்கும் கற்களிடையே நின்று அதே பேராலயத்தை நிமிர்ந்து நோக்குவதாகவும் கூறினார். கீழே வடிவமொன்றும் இல்லை, சாம்பலே உண்டு. எனினும் அச்சாம்பலின் வழியாகத் தாம் முன்னோரோடும் உடன்படிக்கையோடும் இணைந்திருப்பதையும், மரணம் எத்தனை நேர்ந்தாலும் அவ்வுடன்படிக்கை தம்மிடமிருந்து திரும்பப் பெறப்படவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். பேராலயத்தை அவர் பழிக்கவில்லை. அதன் அழகை முழுதும் ஒப்புக்கொண்டே அதற்கு உட்பட மறுத்தார்.

உரோமர் நிருபத்தின் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களைப் போதிப்போருக்கு இவ்வுரையாடலினும் சிறந்த முன்னுரை கிடைப்பதரிது. ஷ்மிட் அவ்வாண்டே தம் பதவியினின்று நீக்கப்பட்டு, பின்னர் சுவிட்சர்லாந்தில் ஆசிரியரானார். 1943-இல் அம்மூன்று அதிகாரங்களைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

மேற்படிப்புக்காகவோ சபைத் தொடர்பாகவோ ஜெர்மனி செல்லும் நம் போதகர்களை அழைத்துச் செல்வோர் லுத்தர் சின்னத்தில் தொடங்கி, வெண்கலக் காலணிகளில் படமெடுத்து, 1725-இல் சீர்திருத்தத்தின் நினைவாக முடிக்கப்பட்டு 1945-இல் எரிந்து மீண்டும் கட்டப்பட்ட திரித்துவ ஆலயத்தில் ஜெபித்து, மாலைக்குள் மாயின்ஸ் திரும்பிவிடுவதே வழக்கம். கூடுமாயின் கல்லறையினின்று தொடங்கிப் பேராலயத்துக்கும், அதன்பின் தோட்டத்துக்கும், இறுதியில் லுத்தர் சின்னத்துக்கும் செல்வது நலம். கல்லறைத் தோட்டம் ஓய்வுநாளாகிய சனியன்று திறந்திருப்பதில்லை. ஆடவர் தலையை மூடிக்கொண்டு உட்செல்ல வேண்டும். பூக்கள் வைப்பது யூதர் வழக்கமன்று. சிறு கல்லொன்றை வைக்கலாம்.

பேராலயத்துக்குள் நுழையும்போது இன்னுமொரு செய்தியையும் மனத்திற் கொள்ளலாம். வோர்ம்ஸ் சபையார் பண்டிகை வழிபாடுகளில் பயன்படுத்திவந்த, 1272-இல் எழுதி முடிக்கப்பட்ட பெரிய ஜெபப் புத்தகம் ஒன்றுண்டு. இத்திஷ் மொழியில் ஆண்டு தெரிந்த மிகப் பழைய வாக்கியம் அதன் ஏட்டில் ஓர் எழுத்தலங்காரத்தினுள் உள்ளது. 1938-க்குப்பின் அது இரகசியக் காவலரின் கைக்குச் சென்றது. நகர ஆவணக் காப்பாளரான பிரீட்ரிக் இல்லர்ட் அதனை அவர்களிடமிருந்து பெற்று, குண்டுவீச்சுக் காலத்தில் பேராலயத்திலேயே மறைத்து வைத்தார். 1957-இல் அது எருசலேமுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது.